தோல்பாவையை உலோகத்தில் வெட்டி, உள்ளே விளக்கு வைக்க வேண்டும்: உச்சிக்குடும்பன் சிலைக்கு யோசனை சொல்லுங்கள்

குளத்தங்கரை

வணக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. 2018 நவம்பரில் கஜா புயலில் கரை சரிந்து, தென்னை விழுந்து மூடிக்கிடந்த குளத்தை ஊரார் சேர்ந்து தூர்வாரி, சுற்றி நடைபாதை போட்டிருக்கிறோம். வடகரையில் இரவில் ஒளிரும் உலோகச் சிலை ஒன்று வைக்கலாம் என்று முடிவாகி, அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது. கேட், கிரில், மாடிக் கைப்பிடி என்று இருபது வருடமாக இரும்போடு இருக்கிறேன். சிலை செய்வது இதுதான் முதல் தடவை. உயரம் 12 அடி.

கேட்டவுடன் எனக்குத் தோன்றியது தோல்பாவைக் கூத்துதான். சின்ன வயதில் கோயில் திடலில் ஒரு வாரம் நடந்தது. வேட்டியைக் கட்டிய திரை, பின்னால் பெட்ரோமாக்ஸ். கதை இராமாயணம். ஆனால் நான் தூங்காமல் உட்கார்ந்திருந்தது அதில் வரும் கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்தான். உச்சிக்குடும்பன் குடுமியை ஆட்டிக்கொண்டு திரைக்குள் வந்து விழுந்தாலே திடல் முழுக்கச் சிரிக்கும். அந்த நிழல் கறுப்பாக இல்லை. உள்ளிருந்து எரிவது மாதிரி சிவப்பும் பச்சையுமாக இருந்தது. அதை உலோகத்தில் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

போன வாரம் ஒரு மாதிரி செய்து பார்த்தேன். இணையத்தில் கிடைத்த பாவைப் படம் ஒன்றைக் கணினியில் அப்படியே வரைந்தெடுத்து, 3 மி.மீ. இரும்புத் தகட்டில் லேசரில் வெட்டி, 3 அடி உயரத்துக்கு நிறுத்தி, பின்னால் 50 வாட் ஃபிளட் லைட் வைத்தேன். பகலில் நன்றாகவே இருந்தது. இரவில் கண் கூசுகிறது. துளைகள் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன, முகம் எங்கே, கை எங்கே என்று புரியவில்லை. என் மகள் பார்த்துவிட்டு, "சல்லடைக்குப் பின்னால லைட் போட்ட மாதிரி இருக்குப்பா" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. எங்கே தப்பு நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைத்தம்பி

அண்ணா, நான் துவாக்குடியில் லேசர் வெட்டும் பட்டறையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த வெட்டு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

துளையின் அளவு தகட்டின் தடிமனுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. தகட்டில் 3 மி.மீ.க்குக் குறைந்த துளை போட்டால் ஓரம் சுத்தமாக வராது, அடியில் பிசிறு ஒட்டிக்கொள்ளும். அப்புறம், மூடிய கோடு. கண்ணைச் சுற்றி ஒரு முழு வட்டம் வெட்டினால் கண்ணே கழன்று விழுந்துவிடும். நடுவில் அங்கங்கே வெட்டாமல் பாலம் விட வேண்டும். நகை வேலைப்பாடு மாதிரி நெருக்கமான இடங்களை ஒரே மூச்சில் வெட்டினால் சூடு தேங்கித் தகடு வளைந்து போகும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வெட்டச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகள் கை எட்டும் உயரம் வரை எல்லா விளிம்பையும் இரண்டு பக்கமும் தேய்த்துவிடுங்கள். லேசர் வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும்.

கூத்துத்திடல்

கல்லூரியில் நாட்டார் கலைகள் பாடம் நடத்துகிறேன். நீங்கள் எடுத்திருக்கும் வேலை மனதுக்கு மிகவும் நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தப்பு உங்கள் வெட்டில் இல்லை. தோல் செய்யும் வேலையை இரும்பு செய்யாது என்பதுதான் விஷயம். ஆட்டுத்தோலில் மயிரை நீக்கி, சுரண்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கிய பிறகுதான் அதில் படம் வரைகிறார்கள். ஆகவே திரையில் மூன்று விதமாக ஒளி வருகிறது. துளை வழியே வருவது வெள்ளை. சாயம் ஏறிய தோல் வழியே வருவது சிவப்பு, பச்சை, மஞ்சள். கறுப்பு மை தீட்டிய இடம் இருட்டு. நீங்கள் இரும்பில் வெட்டியதில் வெள்ளையும் இருட்டும் மட்டும் இருக்கின்றன. உங்களுக்குச் சிறு வயதில் "உள்ளிருந்து எரிவது" போலத் தெரிந்ததே, அது நடுவில் இருக்கும் அந்த வண்ண ஒளி. அது காணாமல் போனதால்தான் சல்லடை.

இன்னொன்று, கூத்தில் பார்ப்பவர் கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவே எப்போதும் ஒரு துணி இருக்கிறது. பாவை அந்தத் துணியோடு ஒட்டியே ஆடும். ஒட்டி நிற்பதால்தான் ஒவ்வொரு புள்ளியும் கூர்மையாக விழுகிறது. கொஞ்சம் விலக்கிப் பிடித்தால் உருவம் கலங்கி, பெரிதாகி, மங்கிவிடும். உங்கள் மாதிரியில் துணி இல்லை. விளக்கு நேராகக் கண்ணைக் குத்துகிறது.

எல்லாப் பாவைகளும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாடல்களோடு பாவைக்கூத்து நடக்கிறதே, அங்கே வரிசையாக 21 விளக்குகள் ஏற்றுவார்கள். பாவைகள் பெரும்பாலும் கறுத்த நிழலாகவே விழும். ஆந்திரத்துத் தோலு பொம்மலாட்டம் எதிர் முனை. ஆளுயரப் பாவைகள், உடம்பு முழுக்க வண்ணம். அனந்தபூர் பக்கம் நிம்மலகுண்டா என்ற கிராமத்தில் அந்தக் கலைஞர்கள் அதே தோலில் விளக்குக் கூடுகளும் செய்கிறார்கள். அந்த ஊர்க்காரரான தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் கூடு ஒன்றை எரியவிட்டுப் பாருங்கள். பல்பு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் கண்ணில் படுவதில்லை. தோலே விளக்காகிவிடுகிறது. உங்கள் சிலைக்கு வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

தஞ்சைவாசி

நல்ல முயற்சி. ஆனால் உச்சிக்குடும்பன் எதற்கு? அனுமார் பாவை இன்னும் கம்பீரமாக இருக்குமே, எல்லோருக்கும் பிடிக்கும்.

குளத்தங்கரை

தஞ்சைவாசி ஐயா, ஊர்க் கூட்டத்திலும் இதே பேச்சு வந்தது. அனுமாரை வைத்தால் அடுத்த சனிக்கிழமையே வடைமாலை, வெண்ணெய், கற்பூரம் எல்லாம் வரும். வரவேண்டியதுதான், அது மக்களின் பக்தி. ஆனால் அதற்குச் சன்னதி வேண்டும், பூசை செய்ய ஆள் வேண்டும், மின்சாரம் ஓடும் தகட்டின் மேல் எண்ணெய் வழியக் கூடாது. குளக்கரைக்கு எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் நின்று சிரிக்கக்கூடிய உருவம் வேண்டும். உச்சிக்குடும்பன் அப்படிப்பட்டவன். இதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

கூத்துத்திடல் அக்கா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். படித்த கையோடு இரண்டாவது மாதிரி செய்தாயிற்று. வெட்டிய தகட்டின் முதுகில் 8 மி.மீ. இடைவெளி விட்டுப் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு சாண் ஆழப் பெட்டி, பெட்டியின் உள்சுவரில் எல்.இ.டி. பட்டை. இப்போது கண் கூசவில்லை. வேட்டி கட்டும் இடத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளும் மார்பு நகைக்குப் பின்னால் பச்சையும் ஒட்டிப் பார்த்தேன். திரை நினைவுக்கு வந்துவிட்டது. ஆனால் முகம் மட்டும் இன்னும் கூடிவரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பாவைவீட்டுப் பேரன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் குடும்பம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாவைக்கூத்து ஆடிய குடும்பம். வீட்டில் மராத்தி பேசுவோம். தஞ்சை மராட்டியர் காலத்தில் இந்தப் பக்கம் வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தாத்தா ஊர் ஊராகப் போய் ஆடினார். பாட்டும் அவர்தான், எல்லாப் பாத்திரத்துக்கும் குரலும் அவர்தான். நான் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மாமா ஒருவர் மட்டும் இன்னும் பாவை செய்கிறார்.

"இணையத்தில் கிடைத்த பாவைப் படம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, பாவை தானாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒருவர் கை. வேறு குடும்பத்துப் பாவையை எங்கள் தாத்தா தூரத்திலிருந்தே மூக்கின் வளைவை வைத்துச் சொல்லிவிடுவார். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரிகிறது, அதனால்தான் கோபப்படாமல் எழுதுகிறேன். ஆனால் 12 அடி உயரத்தில் ஓர் ஊர் நடுவில் நிற்கப்போகிற உருவத்துக்கு, அதை வரைந்த கை யாருடையது என்று தெரியாமல் இருப்பது எனக்கு வலிக்கிறது.

முகம் ஏன் கூடவில்லை என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். தாத்தா கோட்டைக் கோடாக வெட்டியதே இல்லை. புள்ளி புள்ளியாகத்தான் அடிப்பார். முனை வேறு வேறான உளிகள் உண்டு, வட்டப் புள்ளிக்கு ஒன்று, நெல்மணி மாதிரிக்கு ஒன்று, பிறை மாதிரிக்கு ஒன்று. பட்டறைத்தம்பி பாலம் விடச் சொன்னாரே, அது தோலிலும் உண்டு. முழு வட்டமாகப் போட்டால் தோலும் கழன்றுதான் விழும். புள்ளி வரிசையாகப் போட்டால் பாலம் தனியாகத் தேவையே இல்லை, இரண்டு புள்ளிக்கு நடுவில் இருப்பதெல்லாம் பாலம்தான்.

எங்கே எத்தனை புள்ளி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நகையில் அடைத்துப் போடுவார், வெளிச்சம் கொட்டும். வேட்டி மடிப்பில் பிறை பிறையாக, இடம் விட்டு. முகத்தில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. புருவம், மூக்கு ஓரம், உதடு, அவ்வளவே. முகம் இருட்டாக இருந்தால்தான் கண் பேசும் என்பார். படத்தைக் கணினியில் வரைந்தெடுத்தபோது எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் துளை விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணை மட்டும் கடைசியாக, எல்லா வேலையும் முடிந்து, சாயமும் காய்ந்த பிறகுதான் துளைப்பார். அதற்குமுன் அந்தப் பாவைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்.

மாமாவிடம் பேசுங்கள். வரைந்து தருவார். அதற்குக் கூலி கொடுங்கள், பீடத்தில் அவர் பெயரை எழுதுங்கள். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

குளத்தங்கரை

தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள். என் கிரில் வடிவத்தை யாராவது படமெடுத்துச் செய்தால் எனக்கு மனம் கொதிக்கும். அதையே நான் இன்னொருவருக்குச் செய்திருக்கிறேன், தோன்றவே இல்லை. அந்த மாதிரியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன், அது வெளியே வராது. இன்று மாலை மாமாவைக் கூப்பிடுகிறேன். வரைவதற்கான கூலி சிலையின் மதிப்பீட்டில் தனி வரியாகவே இருக்கும். கூட்டத்தில் சொல்லிவிட்டேன், யாரும் மறுக்கவில்லை.

கூத்துத்திடல்

பேரன் எழுதியதை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். புள்ளியே பாலம் என்பது இத்தனை வருடம் பாவைகளைப் பார்த்தும் எனக்குத் தோன்றாத விஷயம்.

மின்கம்பி

விளக்கு வேலைக்கு வருவோம். கோயில் திருவிழா, பூங்கா விளக்கு என்று வெளிப்புற வேலைதான் என் தொழில்.

நிறம் முதலில். அதைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள், எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். கடையில் கேட்டால் 6500 கெல்வின் வெள்ளையை எடுத்துத் தருவார்கள். வாங்காதீர்கள். 2700க்கு மேல் போக வேண்டாம், 2200 கிடைத்தால் இன்னும் நல்லது, எண்ணெய் விளக்கின் நிறத்துக்குப் பக்கத்தில் வரும். சிவப்புத் தாளும் மஞ்சளும் அந்த ஒளியில்தான் உயிரோடு இருக்கும். குளக்கரை என்பதால் இன்னொரு காரணமும் உண்டு. நீலம் கலந்த வெள்ளை ஒளிக்குப் பூச்சி அதிகம் வரும். மழை விட்ட மறுநாள் ஈசல் வந்தால் பெட்டிக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சேர்ந்துவிடும், வெளியிலிருந்து பார்க்கும்போது உருவத்தின் கால் இருண்டு தெரியும். முதுகில் சாவி போட்டுத் திறக்கும் கதவு கட்டாயம் வையுங்கள். காற்றுப்போகும் இடத்தில் சன்ன வலை போடுங்கள், இல்லையென்றால் குளவி கூடு கட்டும்.

சிலைக்குள் 230 வோல்ட் போகவே கூடாது. 24 வோல்ட் டி.சி. மட்டும். 230ஐ 24 ஆக மாற்றித் தரும் டிரைவரைச் சிலைக்கு வெளியே நிழலில் ஒரு பெட்டியில் வையுங்கள். மே மாத வெயிலில் மூடிய உலோகப் பெட்டிக்குள் டிரைவர் நிற்காது, முதலில் சாவது அதுதான். கம்பியில் கஞ்சத்தனம் வேண்டாம். 60 வாட் என்றால் 2.5 ஆம்பியர். டிரைவரிலிருந்து 20 மீட்டர் தூரம், 1 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்றால் 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடும், உருவம் முழுக்க மங்கலாக எரியும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்தான். மெயின் பக்கம் மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் காக்கும் சர்ஜ் பாதுகாப்பு, சிலைக்குத் தனி எர்த். இதில் எதையும் செலவு என்று விட்டுவிடாதீர்கள், ஈரக் காலோடு பிள்ளைகள் தொடும் இடம் அது.

குளத்தங்கரை

நன்றி சார். இன்னொரு சந்தேகம். உருவத்துக்குக் கீழே இரண்டடிப் பீடம் வருகிறது. அதன் நான்கு பக்கமும் புள்ளிக்கோலம் வெட்டி, அந்தக் கோலம் வெளிச்சமாகத் தரையில் விழ வேண்டும் என்று ஆசை. எல்.இ.டி. பட்டை வைத்துப் பார்த்தால் தரையில் ஒரே மங்கல், ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

மின்கம்பி

தெரியாது. உருவத்துக்கு நல்லது பீடத்துக்கு ஆகாது. உருவத்துக்கு ஒளி பரவி வர வேண்டும், பீடத்துக்கு ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். பட்டையில் நூறு புள்ளி விளக்கு இருந்தால் நூறு கோலம் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

நடுவில் ஒரே ஒரு சின்ன எல்.இ.டி. வையுங்கள், லென்ஸ் இல்லாமல், அக்ரிலிக் மறைப்பும் இல்லாமல். கணக்கு எளிது. விளக்குக்கும் தகட்டுக்கும் அரை மீட்டர், தகட்டிலிருந்து தரையில் விழும் இடம் 2 மீட்டர் என்றால் கோலம் ஐந்து மடங்கு பெரிதாகும், 8 மி.மீ. துளை 4 செ.மீ. புள்ளியாக விழும். ஆனால் விளக்கு 10 மி.மீ. அகலம் என்றால் புள்ளியின் ஓரத்தில் 4 செ.மீ. மங்கலும் சேரும், அதாவது புள்ளி கரைந்துவிடும். 3 மி.மீ. விளக்கு என்றால் மங்கல் 12 மி.மீ.தான், கோலம் நிற்கும். தூரம் கூடக்கூட வெளிச்சம் குறையும் என்பதால் கோலத்தின் வெளிச்சுற்றுக்குப் பெரிய துளை போடுங்கள்.

உப்புக்காற்று

நான் நாகப்பட்டினம். இரும்புத் தகடு என்று படித்ததும் எழுத வந்தேன். அதிராம்பட்டினம் கடற்கரை உங்களுக்கு எட்டும் தூரம். சாதா இரும்பில் பெயின்ட் அடித்தால் முதலில் துருப்பிடிக்கப்போவது இந்த ஆயிரம் துளைகளின் ஓரம்தான், பெயின்ட் விளிம்பில் நிற்காது. துருவையே பூச்சாக வைத்துக்கொள்ளும் கார்டென் எஃகை யாராவது சொல்வார்கள். உள்நாட்டில் சரி. உப்பு ஈரம் இருக்கும் இடத்தில் அந்தத் துரு அடங்கவே அடங்காது, மழைக்குப் பீடத்தில் காவி வழியும்.

கால்வனைசிங் செய்யலாமே என்றால், சுமார் 450 டிகிரி துத்தநாகத்தில் முக்கும்போது 3 மி.மீ. தகடு நெளிந்துவிடும், சின்னத் துளைகள் அடைத்துக்கொள்ளும். அதனால் தோல் மாதிரி இருக்கும் முன்தகட்டுக்கு மட்டும் 316 ஸ்டெயின்லெஸ் போடுங்கள். 304 வேண்டாம். 316இல் மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்கும். உள்ளே தாங்கும் சட்டத்தை இரும்பில் செய்து கால்வனைஸ் பண்ணிக்கொள்ளலாம். மூடிய குழாய் இருந்தால் காற்றோட்டத் துளை போட்டுத்தான் அனுப்ப வேண்டும், அடைத்த குழாய் தொட்டிக்குள் வெடிக்கும். இரண்டு உலோகமும் நேராகத் தொட்டால் அரிக்கும், அதனால் தொடும் இடமெல்லாம் நைலான் வாஷர்.

அக்ரிலிக்குக்குப் பதிலாக வெயில் பூச்சுள்ள பாலிகார்பனேட் போடுங்கள், கல் பட்டாலும் உடையாது. ஆனால் இறுக்கி முடுக்காதீர்கள். 40 டிகிரி ஏறி இறங்கினால் ஒரு மீட்டர் பாலிகார்பனேட் கிட்டத்தட்ட 2.7 மி.மீ. நீளும், எஃகு அரை மி.மீ.க்குச் சற்று மேல்தான். போல்ட் துளையை நீள்வட்டமாக விடுங்கள்.

கடைசியாகக் காற்று. கஜாவை நீங்களும் பார்த்தவர்தான், நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலையில் காற்றின் வேகம் மதுரைக்கு வினாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50. நீங்கள் 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்தம். உருவம் 4 சதுர மீட்டர் என்றால் 600 கிலோ, வடிவத்துக்கான பெருக்கம் சேர்க்காமலே. துளை வழியாகக் காற்று போய்விடும் என்று நினைக்காதீர்கள், பின்னால் பாலிகார்பனேட் அடைத்திருக்கிறது. 12 அடி உயரம் என்பதால் அடித்தளத்தை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்தில்லாமல் போடாதீர்கள். மண்ணும் தூர்வாரிக் கொட்டிய புதுக்கரை மண்.

குளத்தங்கரை

எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன், இரண்டு வாரம் ஆகிவிட்டது.

மாமா வந்தார். நான் நீளமான தாள் விரித்து வைத்திருந்தேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை, குளக்கரைக்குப் போய் எங்கிருந்து ஆள் வருவார்கள், எந்தத் திசையில் நிற்பார்கள் என்று கேட்டார். வடகரையில் நின்றால் கிழக்குப் பார்த்த பக்கவாட்டு முகம் பாதை வழி வருபவர்களுக்கு எதிரே வரும் என்று உச்சிக்குடும்பனைத் திருப்பி வரைந்தார். முகத்தில் மொத்தமே 31 துளை. என் பழைய மாதிரியில் இருநூறுக்கு மேல் இருந்தது.

கையைப் பற்றி ஒரு யோசனை சொன்னார். பாவையில் கை தோளில் முடிச்சிட்டுத் தனியாக ஆடும், அது ஆடாவிட்டால் அவன் உச்சிக்குடும்பனே இல்லை என்றார். அதனால் வலது கையைத் தனித் தகடாக வெட்டி, தோளில் நைலான் புஷ் போட்டு, காற்றுக்கு ஒரு சாண் அசையும்படி செய்கிறேன். விரல் மாட்டாதபடி இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து, 8 அடிக்கு மேலே மட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் பூட்ட ஒரு போல்ட். கைக்குள் விளக்கு இல்லை, பின்னாலுள்ள ஒளியில் கறுப்பாகத்தான் தெரியும். அந்த இருட்டுக் கை ஒளிரும் உடம்பின் மேல் ஆடுவதைச் சின்ன மாதிரியில் பார்த்தபோது என் மகள் கைதட்டினாள்.

முன்தகடு 316, சட்டம் கால்வனைஸ், விளக்கு 2200 கெல்வின், பீடத்தில் ஒற்றை விளக்கு. உயரத்தை 10 அடியாகக் குறைத்துவிட்டேன், பொறியாளர் சொன்ன அடித்தளச் செலவு அப்படி. இரவு பத்து மணிக்கு அணைந்துவிடும். எதிர்க்கரை ஆலமரத்தில் நாரைகள் அடைகின்றன, அவற்றுக்கும் இருட்டு வேண்டும்.

வெட்டக் கொடுக்கும் கோப்பு தயார். ஒன்று மட்டும் அதில் இல்லை. கண்ணை லேசரில் வெட்ட வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். சிலை எழும்பி, விளக்குப் போட்டுப் பார்த்த பிறகு சாரத்தில் ஏறித் தானே துளைப்பதாகச் சொல்கிறார். 6 மி.மீ. துளை ஒன்று, அதைச் சுற்றி ஐந்து சின்னப் புள்ளி. அவர் உலோகத்தில் துளை போட்டதில்லை. எந்த பிட் வாங்கி வைக்கட்டும்?

பட்டறைத்தம்பி

அண்ணா, கோபால்ட் பிட் வாங்குங்கள். 316ஐ வேகமாகச் சுற்றித் தேய்த்தால் அந்த இடம் இறுகிப்போகும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. வேகத்தைக் குறைத்து, அழுத்தம் விடாமல், கட்டிங் ஆயில் ஊற்றிக்கொண்டே போடச் சொல்லுங்கள். முதலில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ.யில் ஒரு துளை, பிறகு 6. அந்த இடத்துக்குப் பின்னால் பாலிகார்பனேட் இருக்கிறது, நடுவே ஒரு மரத்துண்டு செருகிவிடுங்கள், இல்லையென்றால் பிட் பாலிகார்பனேட்டையும் துளைத்துவிடும். பழகிப் பார்க்க நான் வெட்டிய துண்டுத் தகடு நாலைந்து சிலையோடு சேர்த்து அனுப்புகிறேன். அவர் கண் துளைக்கும் நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.